அம்பு நின்ற வரி

நிரலில் பிழை தேடும் நம் டிபக்கரில் வாட்ச்பாயிண்ட் வைத்து இயந்திரம் நின்றவுடன் ஒரு மஞ்சள் பெட்டி வந்து பாதித் திரையை மறைக்கும். அதற்குள் ஒரு கேள்வி இருக்கும். மூடுவதற்கு ஒரே ஒரு பொத்தான், அதில் 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கும். மூன்று விநாடி போன பிறகுதான் அது அழுந்தும். இந்தப் பெட்டியை நீங்கள் எல்லோரும் திட்டுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றுப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் என் காது இன்னும் ரவாங் பட்டறையில்தான் கிடக்கிறது. போன மாதம் உங்களில் ஒருவர் எனக்கே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டார்: "ஆன்டி, அந்த எல்லோ பாக்ஸ எடுத்துறலாமா? ரொம்ப டிஸ்டர்ப் லா."

எடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், இப்போது அது உங்கள் கருவி. அதற்கு முன் அது எப்படி வந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். இந்தக் கதையில் நான் நல்லவளாக வரமாட்டேன். அதனால்தான் வேலையில் இருந்த வரைக்கும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

முதலில் பெலாஞ்சா கதையைச் சொல்ல வேண்டும். மின்தூக்கிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் நிறுவனம் நம்முடையது. பட்டறைக்குப் பின்னால் நான்கு தளச் சோதனைக் கோபுரம் இருக்கிறது அல்லவா, அதில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி வண்டியை ஓட்டுவோம். நான் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போது நிரலின் நடுவில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். நான் சொன்ன வரியில் நிரல் அழகாக நின்றது. மோட்டார் நிற்கவில்லை. அதற்கு 'நில்' என்று சொல்ல வேண்டிய நிரலைத்தான் நான் உறைய வைத்துவிட்டேனே! பாதுகாப்பு சுவிட்சை வேறு சோதனைக்கு இடைஞ்சல் என்று நாங்களே கழற்றி வைத்திருந்தோம். வண்டி அடியில் போய் மோதி, ஒரு மூட்டை கிழிந்து, கோபுரம் முழுக்க மணல். அன்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும் பக்கத்து மாமாக் உணவுக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் வாங்கிக் கொடுத்துத்தான் வாயை அடைத்தேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. டிபக்கர் நிற்கும்போது அடுத்து ஓட வேண்டிய வரிக்குப் பக்கத்தில் ஓர் அம்பு காட்டும். அந்த அம்பு யார் எழுதிய வரியில் நிற்கிறதோ அவர் பெலாஞ்சா செய்ய வேண்டும், அதாவது எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும். "கெனா பெலாஞ்சா!" என்று, அதாவது மாட்டிக்கொண்டாய் வாங்கிக் கொடு என்று, ஒருவர் கத்தினால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். நல்ல சிரிப்பும் கும்மாளமுமாகப் போன வழக்கம்தான். ஆனால் வருஷக் கணக்கில் இப்படி விளையாடியதில், அம்பு நிற்கிற இடத்தில்தான் குற்றவாளி இருப்பான் என்று எங்கள் மண்டையில் ஊறிவிட்டது.

சேவியர் எனக்குப் பக்கத்து மேசை. கிள்ளான்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். புதிய நிரலைச் சிப்பில் ஏற்றும் முன் ஒரு சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். "ஏசுவையும் டெஸ்டிங் டீம்ல சேத்துட்டியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "அவரு மட்டும்தான் கா சம்பளம் கேக்கல" என்பார். ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். அந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவதாக மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். சேவியர் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. ரவாங் பக்கம் வீடு பார்க்க ஆரம்பித்திருந்தார், அவ்வளவுதான்.

நானோ அப்போது என் வாழ்க்கையின் மிகப் பெரிய கர்வத்தில் இருந்தேன். வெளியே வாங்கும் டிபக்கர் நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொந்தமாக ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதில் வாட்ச்பாயிண்ட் பகுதியை முழுக்க நானே எழுதி முடித்திருந்தேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரேக்பாயிண்ட் ஓர் இடத்தைக் காவல் காக்கும், நிரல் அந்த வரிக்கு வந்தால் நிறுத்தும். வாட்ச்பாயிண்ட் ஒரு பொருளைக் காவல் காக்கும். நினைவகத்தில் இந்த எண்ணை யார் மாற்றினாலும் நிறுத்து என்று சிப்பிடமே சொல்லிவிடலாம். நம் சிப்பில் அப்படி நான்கு காவலாளிகள். கேமரா வைத்துத் திருடனைப் பிடிக்கிற மாதிரி என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செராஸ் அடுக்குமாடி வேலை வந்தது. பதினேழு மாடி. ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு பழைய மின்தூக்கி, அதுவும் வாரத்தில் பாதி நாள் படுத்துவிடும். புதிய மின்தூக்கிக்கு நம் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கும்போது கோபுரத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. நிறுத்தி வைத்த வண்டி, தான் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பதைத் திடீரென்று மறந்துவிடும். மூன்றாம் தளத்தில் நிற்கும், ஆனால் நினைவகத்தில் ஒன்று என்று இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். காரணம் பிடிபடவில்லை.

"ஜெயா, உன் புது டூலு எதுக்கு இருக்கு?" என்றார் மேலாளர். அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

வண்டியை மூன்றாம் தளத்துக்குக் கொண்டுபோய், கதவைத் திறக்காமல் அப்படியே நிறுத்தினோம். தள எண்ணுக்கு என் காவலாளியை வைத்தேன். நிற்கிற வண்டியில் அந்த எண் மாற எந்த நியாயமும் இல்லை, மாற்றுபவன் திருடன்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இயந்திரம் நின்றது. எல்லோரும் என் திரைக்கு ஓடி வந்தார்கள். கதவு சென்சாரிலிருந்து அழைப்பு வந்தால் உடனே ஓடும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் முதல் வரியில் அம்பு நின்றது. எழுதியவர் சேவியர்.

"சேவியர், கெனா பெலாஞ்சா!"

அவரும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக் கொடுத்தார். கடையில் உட்கார்ந்திருக்கும்போது, "ஆனா கா, அந்த நம்பர நான் தொடவே இல்ல. என் கோட்ல அது பேரே கெடையாது" என்றார். மறுபடி காவல் வைத்தோம். மறுபடி அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. மூன்றாம் முறை அவர் தே தாரிக் வாங்கும்போது யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தன் பகுதியை அச்செடுத்து என் மேசைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வரிகள்தான்.

"நீங்களே படிங்க கா. எங்க தொடுறேன், காட்டுங்க."

"பேரு இல்லன்னா என்ன? அட்ரஸ் வச்சு எழுதுற பாயிண்டர் வழி தவறிப் போயிருக்கும். தெரியாமலே போயி எழுதியிருப்ப."

"பாயிண்டரே இல்லையே கா இதுல. சரி, அம்புக்கு முன்னாடி எது ஓடுச்சுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். ஹார்டுவேர் பொய் சொல்லாது சேவியர்."

கையில் வேறு வேலை இருந்தது. ஒப்படைக்கும் நாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் கருவியைச் சந்தேகப்படுகிறானே என்ற எரிச்சலும் இருந்தது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மேலாளர் கேட்டபடி நான் அறிக்கை எழுதினேன். மூன்று முறை அம்பு நின்ற படத்தையும் சேர்த்தேன். யார் எழுதிய பகுதி என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.

பிறகு அவருடைய பன்னிரண்டு வரிகளையும் தூக்கிவிட்டு நானே புதிதாக எழுதினேன். கோபுரத்தில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தோம். கோளாறு வரவே இல்லை. ஒரு தடவைகூட வரவில்லை! அந்த இரண்டு வாரமும் ஹரி ராயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. பட்டறையில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், பக்கத்து லோட்டு மனையில் இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையும் பூட்டிக் கிடந்தது. எவ்வளவு அமைதியாக வேலை பார்க்க முடிகிறது என்று நான் சந்தோஷப்பட்டதுகூட நினைவிருக்கிறது. பெட்டி செராஸுக்குப் போனது. மாதக் கடைசியில் சேவியரின் ஒப்பந்தம் முடிந்தது. நிரந்தரமும் ஆக்கவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. கடைசி நாள் மேசையைக் காலி செய்துவிட்டு, "வரேன் கா" என்றார். நான் தலையை நிமிர்த்தி, "பாத்துப் போ" என்றேன்.

ஆறு வாரம் கழித்துச் செராஸிலிருந்து ஃபோன் வந்தது. பன்னிரண்டாம் மாடிக்குப் போக வேண்டிய மின்தூக்கி பன்னிரண்டைத் தாண்டி மேலே போய், உச்சியில் பாதுகாப்பு சுவிட்ச் இழுத்துப் பிடித்து ஒரு குலுக்கலோடு நின்றிருக்கிறது. உள்ளே ஒரு பெண்மணி, பாசார் சாமான்களோடு. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது.

புதிய மின்தூக்கியை நிறுத்தி வைத்திருந்தார்கள், பழையதும் அன்று படுத்திருந்தது, அதனால் பன்னிரண்டு மாடியும் படியேறித்தான் போனேன். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஏழாவது மாடியில் ஒரு முறை உட்கார்ந்தேன், என்னைத் தாண்டி ஒரு கிழவர் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அந்தப் பெண்மணி கதவைத் திறந்து, என் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு முதலில் நாற்காலி போட்டார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஏறும்போது நல்லாத்தான் மா போச்சு. ஒம்போதாவது மாடி தாண்டும்போது லைட்டு ஒரு தடவ கண்ணச் சிமிட்டுச்சு. அப்புறம் அது பாட்டுக்கு நிக்காமப் போயிருச்சு."

"லைட்டு சிமிட்டுச்சா? நல்லா ஞாபகம் இருக்கா ஆன்டி?"

"உள்ள மாட்டிக்கிட்டவ நான்தானே மா. எனக்கு ஞாபகம் இல்லாம?"

திரும்பும்போது ரயிலில் அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. நம் பட்டறையிலும் விளக்கு சிமிட்டும். பக்கத்துத் தொழிற்சாலையின் பெரிய வெட்டு இயந்திரம் கிளம்பும்போதெல்லாம் மின்சாரம் ஒரு கணம் தள்ளாடும். வருஷக் கணக்கில் பார்த்துப் பழகியதால் எங்கள் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. ஹரி ராயா இரண்டு வாரமும் அந்தத் தொழிற்சாலை மூடியிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அந்த இரண்டு வாரத்தில்தான் நான் சேவியரின் வரிகளைத் தூக்கினேன்.

மின்சாரம் தள்ளாடினால் என்ன ஓடும் என்று எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. சேமித்து வைத்த தள எண்ணை எடுத்துத் திரும்ப எழுதும் ஒரு பகுதி ஓடும். அதை எழுதியவள் நான்.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. மூன்று முறை அம்பு சேவியரின் வரியில் நின்றதே, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் என் முதல் வேலையில் கூட இருந்த ஒரு வயர்மேன் நினைவுக்கு வந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எந்த வயரில் வைப்பதற்கும் முன்னால், நன்றாக வேலை செய்கிற ஒரு பிளக்கில் அதைக் குத்தி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். ஒரு நாளைக்கு இருபது முறை பார்ப்பார். "அங்கிள், அதுல கரண்ட் இருக்குன்னுதான் தெரியுமே" என்று நான் சிரித்தேன். "கரண்ட் இருக்குன்னு தெரியும் மா. டெஸ்டர் உசுரோட இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார். இருபது வயதில் கேட்டது, ஐம்பத்தேழு வயதில்தான் உறைத்தது. தெரிந்த திருடன் ஒருவனை வைத்து என் காவலாளியை நான் ஒரு முறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதில் நான்காவது வரி மட்டும் அந்த எண்ணை மாற்றும். காவல் வைத்து ஓட்டினேன். அம்பு ஐந்தைத் தாண்டி ஆறில் நின்றது. மறுபடி ஓட்டினேன், ஆறு. சிப்பின் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எழுத்து முடிந்த பிறகுதான் நிறுத்தப்படும், நிற்கும் இடம் சில கட்டளைகள் தள்ளியிருக்கலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தது. போட்டவளும் நான்தான். சில கட்டளைதானே, பரவாயில்லை என்று அன்று விட்டிருக்கிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணை எழுதும்போது யாரும் குறுக்கே வராமல் இருக்க என் பகுதி மற்ற அழைப்புகளை ஒரு கணம் பூட்டி வைக்கும், எழுதி முடித்ததும் திறந்துவிடும். மின்சாரம் தள்ளாடினால் கதவு சென்சாரும் துள்ளும். அதனால் சேவியரின் பகுதி ஒவ்வொரு முறையும் வெளியே காத்துக்கொண்டு நிற்கும். நான் தவறான எண்ணை எழுதுவேன், பூட்டைத் திறப்பேன், அது உள்ளே வரும், அப்போது சிப் நிறுத்தும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எண் தவறானதற்குக் காரணம் அதைவிடச் சின்னது. கதவு திறக்கும்போது மட்டும்தான் தள எண்ணைச் சேமித்தேன். வண்டி கதவைத் திறக்காமல் ஒன்பது மாடி ஏறியிருந்தாலும் நினைவகத்தில் கிளம்பிய தளமே இருக்கும்.

திருத்த அரை நாள்கூட ஆகவில்லை. செராஸ் மின்தூக்கி அந்த வாரமே ஓட ஆரம்பித்தது. மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"ஃபிக்ஸ் ஆயிருச்சு இல்ல? 'பவர் டிப் இஷ்யூ, ரிசால்வ்ட்'னு போட்டுக் குளோஸ் பண்ணு. யாரு பேரும் வேணாம்."

"முதல் ரிப்போர்ட்ல சேவியர் பேரு இருக்கே பாஸ்."

"அவன்தான் போயிட்டானே லா. நீயும் ரிட்டையர் ஆக மூணு வருஷம்தான் இருக்கு. எதுக்கு உன் பேர நீயே கெடுத்துக்கிற?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் சொன்ன மாதிரியே நான்கு வரியில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. அனுப்புவதற்கு முன் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தபோது என் மேசை ஃபோன் அடித்தது. ஷா ஆலமில் இன்னொரு மின்தூக்கி நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார்.

"உங்ககிட்ட சேவியர்னு ஒருத்தர் வேல செஞ்சாரு இல்ல மேடம்? இங்க இன்டர்வியூ வந்திருந்தாரு. அந்த ஃப்ளோர் நம்பர் கேஸ், அது அவரோட கோட் தானே? வெளிய அப்படித்தான் பேசிக்கிறாங்க."

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்தூக்கிக்காரர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். என் அறிக்கை எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போயிருந்தது. திரையில் அந்த நான்கு வரியும் திறந்தே இருந்தது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

"இல்ல. அது என்னோட கோட். நான்தான் தப்பா அவரு பேர எழுதிட்டேன்."

"ஓ... அப்படியா மேடம்? சொன்னதுக்குத் தேங்க்ஸ். ஆனா நாங்க நேத்தே வேற ஆள எடுத்துட்டோம். சும்மா ஃபைலுக்காகத்தான் கேட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு வந்து நான்கு வரியை அழித்துவிட்டு மூன்று பக்கம் எழுதினேன். முதல் அறிக்கை யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும், மேலாளருக்குத் தெரிவித்துவிட்டே, அனுப்பினேன். அவர் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதெல்லாம் நான் பட வேண்டியதுதான்.

அந்த இரண்டு வாரம் முடிந்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். சேவியர் தானியங்கி வாசற்கதவு பழுது பார்க்கும் கடை ஒன்றில் இருந்தார். கையெல்லாம் மசகு. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனார். நடந்ததைச் சொல்லி, யாரிடம் வேண்டுமானாலும் காட்டட்டும் என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"நான் தொடலன்னு சொன்னேன்ல கா."

"சொன்ன."

"ஆறு வருஷம் பக்கத்து டேபிளு. ஒரு நாளாவது உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

"இல்ல சேவியர்."

"அந்த லிஃப்ட் ஆன்டி யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அவங்க சொன்னத நம்புனீங்க."

மேலாளர் நிரந்தர வேலைக்கு அவரைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார் என்றேன், அதற்குத்தான் நான் அந்த இரண்டு வாரமும் சண்டை போட்டிருந்தேன். வேண்டாம் என்றார். கோபமா என்று கேட்டேன். "கோவம் இல்லாம இருக்குமா கா?" என்றார், சத்தம் போடாமல். பிறகு தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, பழைய பழக்கத்தில் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"அந்த டூல என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் திருத்தியிருக்கேன். ஆனா எழுதுனது எந்த வரின்னு எப்பவும் துல்லியமா சொல்ல முடியாது. சிப்பு அவ்வளவுதான் சொல்லுது."

"அப்ப அத மறைக்காம சொல்லுங்க. நின்னதும், அன்னிக்கு நான் கேட்டத உங்க டூல விட்டுக் கேக்கச் சொல்லுங்க."

"என்ன கேட்ட?"

அவர் என்னையே பார்த்தார். நான் மறந்திருந்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்புக்கு முன்னாடி எது ஓடுச்சுன்னு பாத்தீங்களான்னு கேட்டேன். நீங்க பாத்தேன்னு சொன்னீங்க."

நான் பார்க்கவில்லை. அதை அவரிடம் அங்கேயே சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிளம்பும்போது நான் பணப்பையை எடுத்தேன், "இன்னிக்கு நான்தான் கெனா" என்று ஏதோ சிரிக்கப் பார்த்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"அம்பு என் வரியிலதானே நின்னுச்சு. ரூல் ரூல்தான் கா" என்று சொல்லிவிட்டு அவரே போய்க் கொடுத்தார். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் பெலாஞ்சா வழக்கத்தை நிறுத்தினோம். உங்களுக்கு அது தெரியாமல் போனது அதனால்தான். அந்த வாரமே மஞ்சள் பெட்டியைச் செய்தேன். அதில் இருக்கும் கேள்வி சேவியர் கேட்டது. ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை. அவர் இப்போது கிள்ளானில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு நான் வாழ்த்து அனுப்பினால் பதில் வரும், தானாக அனுப்பமாட்டார்.

பொத்தானில் இருக்கும் 'பார்த்தேன்' நான் சொன்ன பொய். அன்று அம்புக்கு முன்னால் ஓடியதை மூன்று விநாடி பார்த்திருந்தால் போதும், அது பொய்யாகியிருக்காது.